துச்சாதனனுக்குப் பொன்னாடையா?

தெருக்கூத்துப் பார்க்க வந்தவனைக் கூத்துப் பார்க்கவே விடமாட்டீங்களா? ஆடி பிறந்தா சேலத்துப் பக்கம் ராத்தூக்கத்தை விட்டுட்டு, தட்டுவடை செட்டோட மண்தரையில போய் உட்கார்றோம். கூத்துக் கோமாளி கட்டியங்காரன் நக்கலை ஆரம்பிப்பான், முகவீணைக் குழல் சத்தம் ஏறும், மிருதங்கம் சூடு பிடிக்கும். பக்கத்துல முன்பின் தெரியாத பெரியவர், "இவன் அப்பனும் இதே வேசந்தான் தம்பி, அவன் சுத்தி ஆடுனா..."ன்னு ஆரம்பிப்பார். ஆடுனா என்னங்க ஆகும்? எங்க கேக்க! "அண்ணன் அன்பளிப்பு ரூபாய் 101!"ன்னு மைக் அலறிடும்.

துச்சாதனன் சேலையை இழுக்கிற இடம். "கண்ணா!"ன்னு பாஞ்சாலி கதறுது. கண்ணன் வரல, கமிட்டிக்காரர் வந்தார், சால்வையோட. இழுத்த சேலையை அப்படியே விட்டுட்டு துச்சாதனன் பவ்யமா கும்பிடுறான். மரக்கிரீடமும் புஜக்கட்டையும் வச்சுக்கிட்டு இருக்கிறவனுக்கு எப்படிய்யா சால்வை போர்த்துவீங்க? அது காதுல தொங்குது. போட்டோ சரியா விழலையாம், இன்னொரு தடவை! பாஞ்சாலி ஓரமா போய்த் தண்ணி குடிக்குது.

அப்புறம் பந்தல் போட்டவருக்கு, ஜெனரேட்டர் தந்தவருக்கு, அவர் மச்சானுக்கு (அவர் என்ன தந்தார்னு கடைசிவரை சொல்லல). நடுவுல "டிஎன் 30 வண்டிய எடுங்க"ன்னு ஒரு அறிவிப்பு. சேலத்துல பாதி வண்டி அதுதானேய்யா! பெரியவர் இன்னும் "அவன் சுத்தி ஆடுனா"விலேயே நிக்கிறார்.

கிழக்கே வெளுத்தாச்சு. பாஞ்சாலி இன்னும் சபதமே போடல. அதுக்குள்ள நன்றியுரையாம்!