நாவாய் அருங்காட்சியகத்துக்கு எந்தப் பேருந்து போகும்?

பாண்டியர்களின் கடல் வணிகத்தைச் சொல்லும் நாவாய் (கப்பல்) அருங்காட்சியகம் ஒன்று 21 கோடி ரூபாயில் இராமநாதபுரத்தில் அமையும் என்று 2025-26ஆம் ஆண்டுக்கான தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டதைக் கேட்டபோது, இந்தக் கடற்கரையில் பிறந்தவள் என்ற முறையில் உண்மையாகவே மகிழ்ந்தேன். கட்டடம் எப்படி இருக்கும், உள்ளே எவற்றை வைப்பார்கள் என்று பலரும் பேசுகிறார்கள். என் மனத்தில் அன்றிலிருந்து நிற்கும் கேள்வி ஒன்றுதான்: சொந்த வாகனம் இல்லாத ஒருவர் அங்கே எப்படிப் போய்ச் சேர்வார், மாலையில் எப்படி வீடு திரும்புவார்?

இந்தக் கேள்வி எனக்கு வந்ததே என் பெரியம்மாவால்தான். அவர் வைகை கடலில் கலக்கும் ஆற்றங்கரை என்னும் ஊருக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் வாழ்கிறார். 1980களில் தொடங்கிப் பல கட்டங்களாகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்த ஊர் அது. ரோம் நாட்டுக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய பானையோடும் அந்த மண்ணிலிருந்துதான் வெளிவந்தன. குழி தோண்டியதைப் பெரியம்மா நேரில் பார்த்திருக்கிறார். தோண்டி எடுத்தவை எங்கே போயின என்பதை மட்டும் பார்த்ததில்லை. அவற்றில் சில இராமநாதபுரம் அரண்மனையில் இப்போது அருங்காட்சியகமாக உள்ள இராமலிங்க விலாசத்தில் இருக்கின்றன என்று சொன்னபோது, "நம்ம ஊருச் சாமான் அங்கேயா இருக்கு? ஒரு நா என்னையக் கூட்டிட்டுப் போத்தா" என்றார். அழகன்குளத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையே இருப்பது பெரிய தூரமே அல்ல. ஆனாலும் அந்த ஒரு நாள் வாய்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

காரணம் பணம் அல்ல. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். பெரியம்மாவும் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் அப்படித்தான் வந்து போகிறார். தடையாக இருந்தது நேரமும், பேருந்தை விட்டு இறங்கிய பிறகு நடக்க வேண்டியிருக்கும் தூரமும்தான். வலிக்கும் முழங்காலுடன் அறிமுகமில்லாத தெருக்களில் எவ்வளவு நடக்க வேண்டும், நடுவில் உட்கார இடம் கிடைக்குமா, ஊருக்குத் திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அறுபத்தெட்டு வயதுப் பெண் ஒருவர் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்.

ஒருவழியாக அவரை அழைத்துப் போன அன்று, இராமலிங்க விலாசம் அமைந்திருக்கும் இடத்தின் அருமை எனக்கு விளங்கியது. இராமநாதபுரத்தை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதி அதை ஊரின் நடுவில் கட்டினார். கடைத்தெருவுக்கு வருபவர்கள் வருகிற வழியிலேயே அரண்மனை இருக்கிறது. வண்டிக்காரத் தெரு என்று ஒரு தெருவே உள்ள ஊர் இது. மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தவர்களுக்காக உருவான தெருக்கள் இன்றும் நடப்பதற்கு ஏற்றவையாகவே இருக்கின்றன. கடைகளின் நிழலில் நின்று நின்று நடந்தோம். பூக்கடை வாசலில் இருந்த மர முக்காலியில் பெரியம்மா சற்று நேரம் உட்கார்ந்தார்.

உள்ளே முத்து விஜய இரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் உள்ளன: ஐரோப்பியர்களைச் சேதுபதி சந்திக்கும் காட்சி, தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், இராமாயணம். பெரியம்மா அவற்றையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த பானையோடுகளின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், "ஏத்தா, இந்த மாதிரிச் சில்ல வச்சுத்தானே நாங்க பாண்டி வெளாண்டோம்" என்றார். மழை பெய்து மண் கரைந்த பிறகு மேட்டில் இத்தகைய சில்லுகள் தாமாகவே வெளியே தெரியும் என்றும், விளிம்பு மழுங்கியதாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். எந்த விளக்கப் பலகையிலும் எழுதப்படாத செய்தி இது. அதைச் சொல்லக்கூடியவர் நகரப் பேருந்தில் வருபவர்.

திரும்பும்போதுதான் துன்பம். நாங்கள் காத்திருந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை. வண்டி நேரம் எழுதிய பலகையும் இல்லை. ஒரு பேருந்து நிற்காமலே போய்விட்டது. அடுத்தது வர ஐம்பது நிமிடங்கள் ஆயின. சித்திரை வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டபடி அவர் நின்றதைப் பார்க்கையில், அழைத்து வந்ததே தவறோ என்று என் மனம் வருந்தியது.

எளிதாக நடந்து போகக்கூடிய இடத்துக்கும் அப்படிப் போக முடியாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இராமேசுவரத்திலும் பார்க்கலாம். அப்துல் கலாம் அவர்களின் பள்ளிவாசல் தெரு வீடு கோயிலிலிருந்து நடக்கும் தொலைவில் இருப்பதால், தீர்த்தமாடிய ஈரம் காயும் முன்பே கால்நடையாக மக்கள் அங்கே வந்துவிடுகிறார்கள். பேக்கரும்பு என்னும் இடத்தில் 2017இல் திறக்கப்பட்ட அவருடைய தேசிய நினைவகமோ தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் இருக்கிறது. இராமேசுவரம் பேருந்துகள் அந்த வழியாகத்தான் போகின்றன என்றாலும், இறங்கியவர் விரைந்து வரும் வாகனங்களுக்கிடையே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடக்க நேர்கிறது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையில் தம் முதல் ஊதியத்தைப் பெற்ற ஒருவரின் நினைவகத்துக்கு, நடந்து வரும் சிறுவர்கள் அச்சமின்றி வந்து சேர வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மிதிவண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேடு பள்ளம் இல்லாத சமதளம் நம் மாவட்டம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசே மிதிவண்டி தருகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றை எதிர்த்து மிதிப்பது கடினம், குறிப்பாகப் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் வண்டியை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். மற்ற மாதங்களில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்பது நம் பிள்ளைகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் சாலையோரத்தில் சீமைக்கருவேல முள் டயரைக் குத்துகிறது, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன, போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியைப் பூட்டி நிறுத்த ஒரு கம்பிகூட இருப்பதில்லை. கார் நிறுத்த ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு வகுப்பு முழுவதும் வண்டியை நிழலில் விட்டுவிட்டு உள்ளே போகலாம்.

ஆகவே நாவாய் அருங்காட்சியகத்தைக் குறித்து என் வேண்டுகோள் இதுதான். வரைபடம் எழுதும்போதே பேருந்து நிறுத்தத்தையும் அதில் எழுதுங்கள். புறநகரில் விலை குறைந்த பொட்டல் கிடைக்கிறது என்பதற்காக அங்கே கட்டிவிட்டு, பிறகு ஷேர் ஆட்டோ பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். ஊருக்கு வெளியேதான் அமையும் என்றால் தொண்டி, தேவிபட்டினம், அழகன்குளம், கீழக்கரை வழித்தடப் பேருந்துகள் வாசலில் நின்று செல்லுமாறு முதல் நாளிலிருந்தே ஆணையிடுங்கள். இறங்கும் இடத்திலிருந்து வாசல் வரை வேம்பும் புங்கனும் இப்போதே நட்டால், திறப்பு விழாவுக்குள் ஓரளவாவது நிழல் தரும். வெளியே வரும் வழியில், திரும்பும் பேருந்துகளின் நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இராமநாதபுரம் ரயில் நிலையத்திலும் ஒரு வழிகாட்டிப் பலகை வேண்டும். இராமேசுவரம் போகும் வழியில் இரண்டு ரயில்களுக்கு நடுவே சில மணி நேரத்தை இங்கே கழிப்பவர்கள், நடந்து போய்ப் பார்க்க அரண்மனை என்று ஒன்று இருப்பதை அறியாமலே நடைமேடையில் அமர்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெரியம்மா இப்போது தம் பேத்தியை அழைத்துப்போக வேண்டும் என்கிறார். வெயில் ஏறாத தை மாதத்தில் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். திரும்பும் பேருந்துகளின் நேரத்தை நடத்துனர் ஒருவரிடம் கேட்டு, பெரியம்மா வீட்டு நாள்காட்டியின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.