சட்டத்தில் ஆண்டுகளைக் கூட்டுவதற்குச் செலவில்லை

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் ஊர் மிராசு வீட்டின் இரட்டைக்குழல் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய்விடும். வாக்கு எண்ணி முடித்த பிறகே கூடத்துச் சுவருக்குத் திரும்பும். அது யாரையும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. டெல்டாவில் என் காதுக்கு எட்டிய கொலைகள் பெரும்பாலும் அரிவாளால் நடந்தவை. தேங்காய் வெட்டவும் கருவேலங்கிளை கழிக்கவும் வீட்டுக்கு வீடு கிடக்கும் கருவிக்கு எந்த அரசும் உரிமம் கேட்க முடியாது.

அப்படியானால் துப்பாக்கிக் கட்டுப்பாடு வீண்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அரிவாளோடு வருபவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தாக வேண்டும். ஓடுபவருக்கு வரப்பும் வாய்க்காலும் இருக்கின்றன. துப்பாக்கி அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருந்தால் பகை குறையாமல் போகலாம், சாவு குறையும்.

என் ஐயம் தண்டனையைப் பற்றியது. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை 3இலிருந்து 2ஆகக் குறைத்ததோடு, கள்ளத்தனமாக ஆயுதம் செய்வதற்கும் விற்பதற்கும் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை என்று உயர்த்தினார்கள். குற்றம் செய்பவன் பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் பெருக்கியே கணக்குப் போடுகிறான் என்று பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1968இல் எழுதினார். வாய்ப்பைக் கூட்டக் காவலர், தடயவியல் கூடம், அரசு வழக்கறிஞர், நீதிபதி என்று எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும் என்பதால், தண்டனையை உயர்த்திச் செலவை மிச்சப்படுத்தலாம் என்ற முடிவுக்கும் அவருடைய கணக்கு இடம் கொடுக்கிறது. அந்த இடத்தில் அவரோடு நான் உடன்படவில்லை. நம் சட்டமன்றங்களுக்கும் நாடாளுமன்றத்துக்கும் மிகவும் பிடித்த இடமும் அதுவே.

அதே 1968, டிசம்பர் 25. விவசாயக் கூலிகள் மிராசுதார்களிடம் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட டெல்டா கிராமமான கீழ்வெண்மணியில், துப்பாக்கிகளோடு வந்தவர்களுக்கு அஞ்சி ஒரே குடிசைக்குள் ஒடுங்கிய 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்து இறந்தார்கள். கொலைக்கு அன்றும் தூக்கு வரை தண்டனை இருந்தது. சட்டப்புத்தகத்தில் குறை ஒன்றுமில்லை. கீழ்நீதிமன்றம் மிராசுதார்களுக்குச் சிறைத்தண்டனை விதித்தது. காரில் போகும் வசதி படைத்தவர்கள் நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற எண்ணத்தோடு உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெக்கரின் பெருக்கலில் ஒரு பக்கம் சுழியமானால் மறுபக்கம் எத்தனை ஆண்டு எழுதி என்ன?

வழக்கில் முக்கிய எதிரியாக இருந்த மிராசுதார் 1980 டிசம்பரில் வெட்டிக் கொல்லப்பட்டார்.