ஐந்து ரூபா இடைவெளி

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் வாழ்நாளின் முதல் வாக்கை அளித்தேன். யாருக்கு அளித்தேன் என்பது இங்கே முக்கியமில்லை. அன்று காலை வீட்டிலிருந்து புறப்பட்டபோது, 2022ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற ஒரு தலைமுறைக்கு அந்த வாக்குச்சீட்டு ஏதாவது ஒரு பதிலைத் தரும் என்று உண்மையாகவே நம்பினேன். பதினொரு வாரங்கள் கழிந்தபோது, அப்பாவின் பலசரக்குக் கடையில் அன்றாடச் சோற்றுக்கான நாட்டரிசி இல்லை.

அப்போது சந்தையில் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. டிசெம்பர் 7ஆம் திகதி ஜனாதிபதி ஆலை உரிமையாளர்களைச் சந்தித்துப் பேசிய பின்னர், ஒரு கிலோ நாட்டரிசியின் மொத்த விலை 225 ரூபா, சில்லறை விலை 230 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையில் ஐந்து ரூபா. அந்த ஐந்து ரூபாவுக்குள்தான் புறக்கோட்டை மொத்தச் சந்தையில் மூடையைத் தூக்கிவிடும் நாட்டாமைக்குக் கூலியும், முச்சக்கரவண்டி வாடகையும், பொதி செய்யும் பையும், மூடையின் அடியில் கொட்டுண்டு போகும் அரிசியும், மாத முடிவில் தருவதாகச் சொல்லிக் கடன் கொப்பியில் எழுதிச் செல்பவர்களின் காத்திருப்பும், அப்பாவின் உழைப்பும் அடங்க வேண்டும். அது அடங்காது என்பதைக் கடை நடத்தும் எவரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், 225 ரூபாவுக்கு அரிசி கிடைக்கவே இல்லை என்பது. அப்பா வழமையாக வாங்கும் இடத்தில் கட்டுப்பாட்டு விலைக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, மிகுதிப் பணத்தைக் கையில் தனியாகக் கேட்டார்கள். அந்த மிகுதிக்கு எந்தச் சாட்சியும் இல்லை. 2021இல் திருத்தப்பட்ட நுகர்வோர் சட்டத்தின்படி, கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்று அகப்படும் தனிநபருக்குக் குறைந்தபட்ச அபராதம் ஒரு இலட்சம் ரூபா. அப்பா இரண்டு நாட்கள் கணக்குப் பார்த்தார். பிறகு நாட்டரிசி விற்பதை நிறுத்தினார். எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு பாட்டி, ஒவ்வொரு நாளும் அரைக் கிலோ வாங்குபவர், மூன்றாவது நாளும் வெறுங்கையுடன் திரும்பிச் சென்றதை நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவருக்காகத்தான் அந்த விலை நிர்ணயிக்கப்பட்டது.

அரசாங்கம் பொருளாதாரத்தில் தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இலவசக் கல்வியில் படித்தவன் நான். அம்மாவின் சத்திரசிகிச்சை அரசாங்க வைத்தியசாலையில் ஒரு சதமும் வாங்காமல் செய்யப்பட்டது. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைப் பற்றி எங்கள் வீட்டிலேயே இரண்டு கதைகள் உண்டு. அப்பம்மாவின் குடும்பம் உரும்பிராயில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டது. வெளிநாட்டு வெங்காயம் வராத அந்த ஆண்டுகளில்தான் அவர்கள் கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதே ஆண்டுகளில் அம்மம்மா கொழும்பில் விடிவதற்கு முன் எழுந்து பாணுக்கு வரிசையில் நின்றார். ஒரே கொள்கை ஒருவருக்கு வீடாகவும் இன்னொருவருக்கு வரிசையாகவும் முடிந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை ஒரு கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது ஹர்த்தால் வெடித்தது, இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். ஆகவே இந்த நாட்டில் அரிசி விலையை அரசியலிலிருந்து பிரிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என்னால் ஏற்க முடியாதது, இன்று அந்தத் தலையீடுகள் செய்யப்படும் விதம்: ஒரு வர்த்தமானி இரவில் வெளியாகிறது, அதற்குரிய கணக்கை எவரும் மக்கள் முன் வைப்பதில்லை, அது பிழைத்துப்போனால் இன்னொரு வர்த்தமானி அதை நீக்குகிறது, இடைப்பட்ட காலத்தின் நட்டம் எங்களுடையதாகிவிடுகிறது.

2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனி மீதான விசேட பண்ட வரி ஒரு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாக ஒரே நாளில் குறைக்கப்பட்டது. திறைசேரி பெருந்தொகை வருமானத்தை இழந்தது. எங்கள் கடைக்கு வந்த சீனியின் விலையோ அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. மறு ஆண்டு இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது, ஏறக்குறைய ஏழு மாதங்களில் அந்தத் தடை கைவிடப்பட்டது. அந்தப் போகத்தில் பயிர் இழந்த விவசாயிக்கு அந்த மனமாற்றத்தால் என்ன பயன்? 2021 செப்டெம்பரில் அவசரகால ஒழுங்குவிதிகளுடன் அரிசிக்கு உச்ச விலை விதிக்கப்பட்டு, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே நீக்கப்பட்டது. எரிவாயு விலையைப் பிடித்து வைத்திருந்து ஒக்டோபரில் கைவிட்டபோது, 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவாகியது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபா. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய விலைக் கட்டுப்பாடு டொலரின் மீது இருந்தது. 2022 மார்ச் ஆரம்பம் வரை ஒரு டொலரை 200 ரூபாவை ஒட்டியே பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கியை விட்டு உண்டியல் எனும் தனியார் வழியில் பணம் அனுப்பத் தொடங்கினார்கள், நாட்டின் டொலர் கையிருப்பு கரைந்தது, பணம் செலுத்த முடியாமல் எரிபொருள் கப்பல்கள் கடலில் காத்திருந்தன. பிடியைத் தளர்த்திய இரண்டு மாதங்களுக்குள் டொலர் 350 ரூபாவைத் தாண்டியது. 225 ரூபாவுக்கு அரிசி கிடைக்காததற்கும் 200 ரூபாவுக்கு டொலர் கிடைக்காததற்கும் காரணம் ஒன்றுதான் என்பதை நான் அப்பாவின் கடையில் நின்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் ஆண்டவர்கள் வேறு, இப்போது ஆள்பவர்கள் வேறு என்பதை அறிவேன். இன்றைய அரசாங்கத்தின் மீது அதே அளவு குற்றம் சுமத்துவது நியாயமில்லை. ஆனால் 225 பாராளுமன்ற ஆசனங்களில் 159ஐப் பெற்ற ஒரு அரசாங்கம், பழைய அரசாங்கங்கள் கையாண்ட அதே கருவியை, அதே முறையில், முதல் நெருக்கடியிலேயே எடுத்தது என்பதுதான் என்னை வருத்துகிறது.

அக்காவின் சம்பளத்திலும் அரசாங்கத்தின் கை படிந்திருக்கிறது. ஊழியர் சேமலாப நிதியம் என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு மாதந்தோறும் அவளுடைய சம்பளத்தில் 8 சதவீதம் கழிக்கப்படுகிறது, தொழில்தருநர் 12 சதவீதம் சேர்க்கிறார். 2023 ஜூலை 1ஆம் திகதி அரசாங்கத்தின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு பாராளுமன்றத்தில் 122 பேரின் ஆதரவு வாக்குகளுடன் நிறைவேறியபோது, வங்கிகளுக்கு விலக்களிக்கப்பட்டது. ஓய்வுகால நிதியங்கள் வைத்திருந்த திறைசேரி முறிகள், அதாவது அரசாங்கத்துக்குக் கொடுத்த கடனுக்கான பத்திரங்கள், நீண்ட தவணையும் குறைந்த வட்டியும் கொண்ட முறிகளாக மாற்றப்பட்டன. வங்கிகள் ஏற்கெனவே பாரம் சுமந்துவிட்டன என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். எனினும் அக்காவைப் போன்றவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

கேட்பதற்கான வழிகளே அடைபட்டிருந்த காலம் அது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், நிதி இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ச சகோதரர்களும் உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 நவம்பர் 14ஆம் திகதி அதே நீதிமன்றம் கூறியது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 150,000 ரூபா வழங்கப் பணித்தது. நாட்டையே வங்குரோத்தாக்கிய தீர்மானங்களின் பெயரில் ஒரு தொகை எழுதப்பட்டது அங்கே மட்டும்தான். ஒரு மூடை அரிசிக்கு ஒரு இலட்சம் அபராதம் கட்ட வேண்டிய கடைக்காரரின் மகனாக அந்த எண்ணை நான் மறக்கவில்லை.

கொழும்புத் தமிழர்களிடம் வாக்குக் கேட்டு வருபவர்கள் இவை எதைப் பற்றியும் பேசுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நம்மவர் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்கிறார்கள். இருக்க வேண்டும்தான், இந்த நகரம் 1983இல் எங்களுக்கு என்ன செய்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் உள்ளே சென்றவர் சீனி வரியைப் பற்றி என்ன கேட்டார், சேமலாப நிதியத்தைப் பற்றி எப்படி வாக்களித்தார் என்று கேட்டால், அது தமிழர் பிரச்சினை இல்லை என்பதைப் போன்ற ஒரு பார்வை வருகிறது. புறக்கோட்டையில் மூடை தூக்குபவரும், தோட்டத்திலிருந்து வந்து ஹோட்டலில் வேலை செய்யும் தம்பியும் எந்த மொழியில் அரிசி வாங்குகிறார்கள்?

செய்யக்கூடியவை இருக்கின்றன. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை 1971இல் உருவாக்கப்பட்டது. அறுவடை நேரத்தில் போதிய நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைத்திருந்தால், தட்டுப்பாட்டின்போது ஆலைக்காரரிடம் பேரம் பேச அரசாங்கத்தின் கையில் அரிசியாவது இருக்கும். கிழக்கில் அறுவடை தொடங்கிய பின்னர்தான், 2025 பெப்ரவரியில், ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபா என்ற உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, கடன் கட்டுவதற்காகக் கிடைத்த விலைக்கு நெல்லைக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரு மாதம் முந்திச் சொல்வதற்கு இன்னொரு சட்டம் தேவையில்லை. அதேபோல், ஒவ்வொரு உச்ச விலையுடனும் நெல் விலை, குற்றும் செலவு, போக்குவரத்து, சில்லறை வியாபாரியின் பங்கு ஆகியவற்றை எப்படிக் கணக்கிட்டார்கள் என்ற ஒரு பக்கத்தை மூன்று மொழிகளிலும் வெளியிடலாம்.

அடுத்த முறை எங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியினராக இருந்தாலும், அவரைக் கடைக்குள் அழைத்து, அந்த ஐந்து ரூபாவை யார், எந்தக் கணக்கில் முடிவு செய்தார்கள் என்று கேட்பேன். அப்பாவின் கணக்குக் கொப்பியின் அந்த டிசெம்பர் மாதப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.