கமிட் எண்ணிக்கை உழைப்பின் அளவு அல்ல

மென்பொருள் குழுத் திட்டங்களில், கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் உள்ள கமிட்களை, அதாவது ஒவ்வொரு முறையும் சேமிக்கப்படும் மாற்றப் பதிவுகளை, எண்ணினாலே எந்த மாணவர் எவ்வளவு உழைத்தார் என்பது தெரிந்துவிடும் என்று சிலர் எழுதுகின்றனர். பணிவுடன் இதைத் திருத்த விரும்புகிறேன்: மாற்றங்கள் எத்தனை தவணைகளில், யாருடைய பெயரில் பதிவாயின என்பதை மட்டுமே அந்த எண் காட்டுகிறது; அவற்றின் அளவையோ கடினத்தையோ காட்டுவதில்லை. இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து நிரல் எழுதினால், இணையாசிரியரின் பெயரைக் கமிட் குறிப்பில் தனியாகச் சேர்த்தாலொழிய, அந்தக் கணினியில் அமைக்கப்பட்டுள்ள பெயர் மட்டுமே பதிவாகும். மூன்று நாள் போராடி ஒற்றை வரிப் பிழையைக் கண்டுபிடித்த மாணவருக்கும் கிடைப்பது ஒரே கமிட்தான். அவருக்கு இந்த அளவுகோல் இழைக்கும் அநீதியே என்னை இதை எழுத வைத்தது.

எவரும் இதைச் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். சோதனைக் களஞ்சியம் ஒன்றை உருவாக்கி, ‘கிட் கமிட்’ கட்டளையை, எந்த மாற்றமும் இல்லாத கமிட்டை அனுமதிக்கும் ‘அலோ எம்ப்டி’ (--allow-empty) என்ற தெரிவுடன் 10 முறை இயக்குங்கள். பிறகு பயனர் பெயரை மாற்றி, 500 வரி நிரலை ஒரே கமிட்டாகச் சேருங்கள். ஒவ்வொருவரின் கமிட்களையும் எண்ணிக் காட்டும் ‘கிட் ஷார்ட்லாக்’ கட்டளை, ஓர் எழுத்துகூட எழுதாதவருக்கு 10 என்றும், முழு நிரலையும் எழுதியவருக்கு 1 என்றும் காட்டும்.