எல்லை தாண்டினால் கைரேகை மாறிவிடுமா?

அமெரிக்காவில் பள்ளி ஆலோசகராக வேலை பார்க்க மாநிலம் தருகிற உரிமம் வேண்டும். அதற்குப் பெரும்பாலான மாநிலங்களில் முதுகலைப் பட்டம் வேண்டும். பள்ளியிலேயே பல நூறு மணி நேரப் பயிற்சி வேண்டும். பல மாநிலங்களில் பிராக்சிஸ் என்ற தகுதித் தேர்வும் எழுத வேண்டும். சரி, பிள்ளைகளின் மனசோடு பழகுகிற வேலை, கேட்கட்டும். குற்றப் பின்னணிச் சோதனைக்குக் கைரேகை கேட்பதும் நியாயம்தான்.

ஆனால் மாநிலம் மாறினால் ஏன் எல்லாமே முதலிலிருந்து? அங்கே கொடுத்த கைரேகை இங்கே செல்லாதாம். அங்கே படித்த பாடத்தின் பெயர் இவர்கள் பட்டியலில் இல்லையாம், மறுபடி படிக்க வேண்டுமாம். அத்தனை வருட அனுபவம் எங்கே போயிற்று?

உரிமத்தைப் புதுப்பிப்பது அதைவிடக் கொடுமை. பயிற்சிச் சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றினால், கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இணையதளம் திருப்பித் தள்ளுகிறது. சுருக்கி ஏற்றினால், கையெழுத்து தெளிவாக இல்லை என்று இரண்டு வாரம் கழித்து மின்னஞ்சல். போன் போட்டால் பாட்டுதான் ஓடுகிறது, ஆள் வருவதில்லை. கட்டணத்தை மட்டும் அந்த நொடியே எடுத்துக்கொள்கிறார்கள்!

ஒரு ஆலோசகருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நாட்டின் சராசரி அதைவிட எவ்வளவோ அதிகம். ஆள் பற்றாக்குறை என்று ஊரெல்லாம் பேச்சு. இருக்கிற ஆளையும் இப்படி இழுத்தடித்தால் எப்படி? அழுதுகொண்டு வந்து நிற்கிற பிள்ளையிடம், என் உரிமம் பரிசீலனையில் இருக்கிறது, அப்புறம் வா என்றா சொல்வது?