ரேம் வேகத்தை ஏத்துறதைப் பூட்டி வைங்க, இறக்குறதையாவது திறந்து விடுங்க!

போன மாசம் 19-ஆம் தேதி ராத்திரி. மறுநாள் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். கணக்கு எழுதுற டாலி சாஃப்ட்வேரைத் திறந்து வெச்சு உக்காந்திருக்கேன், திரை பட்டுன்னு நீலமாப் போச்சு. கீழ 'மெமரி மேனேஜ்மென்ட்'னு ஒரு வரி. திரும்ப ஆன் பண்ணினா இருபது நிமிஷம் ஓடுது, மறுபடி நீலம். அன்னிக்கு மட்டும் நாலு தடவை. ஒரு கிளையன்ட்டோட பேக்கப் ஃபைல் திறக்கவே இல்ல. பில் கட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு விடிய விடிய திரும்ப அடிச்சேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கல.

அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் ரேம் போட்டேன். லேப்டாப்ல ஐ5-10210யு பிராசசர். அதோட வந்த ரேம் 8 ஜிபி, டிடிஆர்4 வகை, வேகம் 2666. இன்னொரு ஸ்லாட் காலி. கடையில 3200 வேகத்துல ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. "இப்ப எல்லாம் இதுதான் வருது மேடம், உங்க மெஷினுக்கு ஏத்த மாதிரி தானா இறங்கி ஓடும்." அவர் சொன்னது பொய் இல்ல. 2666-க்கு இறங்கித்தான் ஓடுச்சு. அங்கேயே நின்னதுதான் பிரச்சினை.

பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86+ங்கிற ரேம் சோதிக்கிற புரோகிராமைப் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில பாத்தா திரை முழுக்கப் பிழை வரிகள். ஸ்லாட் மாத்திப் போட்டேன், அதே. புதுசை மட்டும் தனியாப் போட்டேன், அதே. அப்புறம் அதே ரேமை எடுத்துட்டுப் போய் தம்பியோட பழைய லேப்டாப்ல போட்டேன். அதுல ஐ5-8250யு பிராசசர், ரேமை 2400-க்கு மேல ஓட்டாது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டது காலை ஆறு வரைக்கும் ஓடுச்சு, ஒரு பிழை இல்ல. பூஜ்யம்!

கடைக்குக் கொண்டு போனேன். அவங்க மெஷின்ல போட்டுப் பாத்துட்டு "ரேம் நல்லாத்தான் இருக்கு மேடம், உங்க லேப்டாப்லதான் கோளாறு"ன்னாங்க. சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "வெளி ரேமுக்கு நாங்க பொறுப்பு இல்ல மேடம். வேணும்னா மதர்போர்டு மாத்தலாம், 18,000 ஆகும்." எதுக்குங்க போர்டு மாத்தணும்? போர்டும் நல்லா இருக்கு, ரேமும் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் 2666-ல ஒத்துப்போகல, அவ்வளவுதான். ஒரு படி இறக்கி 2400-ல ஓட்டினா சண்டையே இல்ல. நான் கேக்குறது அது ஒண்ணுதான்.

வீட்டுக்கு வந்து, லேப்டாப் ஆன் ஆகும்போதே எஃப்2 அமுக்கி, பயாஸ்ங்கிற அடிப்படை செட்டிங் பக்கத்துக்குள்ள போனேன். தேதி இருக்கு, நேரம் இருக்கு, பாஸ்வேர்டு இருக்கு, பூட் வரிசை இருக்கு. மெமரி வேகத்துக்கு ஒரு வரி கிடையாது. மேல கீழ, இடம் வலம்னு எல்லாப் பக்கத்தையும் ரெண்டு தடவை தேடினேன். வீட்டுல தூசி படிஞ்சு கிடக்குற பழைய டெஸ்க்டாப்ல அந்த வரி இருக்கு. இவ்வளவு காசு வாங்கிக்கிட்டுக் குடுத்த லேப்டாப்ல இல்ல.

ரேம் குச்சியில எஸ்பிடின்னு ஒரு குட்டி சிப் இருக்கு. எந்த வேகத்துல எப்படி ஓடணும்ங்கிற விவரம் அதுக்குள்ள எழுதியிருக்கும். பயாஸ் அதைப் படிச்சு, பிராசசரும் ரேமும் தாங்குற உச்ச வேகத்தை அதுவாவே எடுத்துக்குது. நம்மளை ஒரு வார்த்தை கேக்குறதில்ல. 2666-ல ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 இல்லைன்னா 1-க்கு, கிடைக்கிற நேரம் 0.375 நானோசெகண்ட். 2400-ல 0.417. அந்தத் துளி நேரம் கூடக் கிடைச்சா என் ரேம் ஒழுங்கா வேலை செய்யுது. இதைக் குடுக்க மாட்டேன்னு லேப்டாப் கம்பெனிக்காரங்க பூட்டி வெச்சிருக்காங்க. இன்னும் கொடுமை, பல லேப்டாப்ல அந்த மெமரி மெனு பயாஸுக்குள்ளேயே இருக்கு. கண்ணுல படாம மறைச்சு வெச்சிருக்காங்க! பயாஸை மாத்தி எழுதித் திறக்குறவங்களும் இருக்காங்க, கை தவறினா மெஷினே எந்திரிக்காது. எனக்கு அந்தத் தைரியம் இல்ல. எனக்கு ஏன் அது இருக்கணும்?

கேட்டா, "தெரியாதவங்க கை வெச்சுக் கெடுத்துடுவாங்க"ன்னு ஒரு பதில். வேகத்தை ஏத்தினாக் கெடும், ஒத்துக்கிறேன். இறக்கினா என்ன கெடும்? எது எரியும்? ஏத்துறதைப் பூட்டி வைங்க, யாரும் கேக்கல. இறக்குறதைப் பூட்ட என்ன நியாயம்?

இறக்கினா மெதுவாகிடும்னு வேற பயமுறுத்துறாங்க. ஒரு சேனல்ல, அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவுல இருக்குற ஒரு பாதையில, நொடிக்கு 21.3 ஜிபி போறது 19.2 ஆகும். பத்துல ஒரு பங்கு. கேம் ஆடுறவங்களுக்கு ஒருவேளை தெரியலாம். டாலியும் எக்செலும் ஓட்டுற எனக்கு, ரேம் பத்தாம டிஸ்க்குல போய் முட்டிக்கிட்டு நிக்கிறதோட ஒப்பிட்டா இது ஒண்ணுமே இல்ல. நீலத்திரை வந்தா சனியன் தொலையட்டும்னு மறுபடி ஆன் பண்ணலாம். ஒத்துப்போகாத ரேம் சத்தமே இல்லாம ஒரு எண்ணை மாத்தி எழுதிட்டுப் போச்சுன்னா? அந்தத் தப்புக் கணக்கு என் கிளையன்ட் பேர்ல போய் நிக்கும்.

கடைசியில வழி சொன்னது எங்க தெருமுனை ரிப்பேர் கடைத் தம்பி. "அக்கா, உங்க பழைய 2666-ஐக் கழட்டிட்டு ஒரு 2400 குச்சி போடுங்க. அது 2400-க்கு மேல போகாது, பக்கத்துல இருக்குறதும் அதோட சேந்து இறங்கிடும்." செகண்ட் ஹேண்ட்ல 8 ஜிபி ஒண்ணு அவரே போட்டுக் குடுத்தார். டாஸ்க் மேனேஜர்ல 2400-ன்னு காட்டுச்சு. மூணு ராத்திரி மெம்டெஸ்ட், ஒரு பிழை இல்ல. இந்த மாசக் கணக்கு ஒரு நீலத்திரை இல்லாம முடிஞ்சுது.

தம்பிக்கு ஆயிரம் நன்றி. ஆனா வயிறு எரியுது. வேகத்தைக் குறைக்கிறதுக்காக ஒரு ரேமைக் காசு குடுத்து வாங்கியிருக்கேன்! இப்ப வர்ற மெலிசு லேப்டாப் பலதுல ரேமை போர்டோட சேத்தே கழட்ட முடியாதபடி சால்டர் பண்ணிடுறாங்க, அதுல இந்த வழியும் கிடையாது. என் லேப்டாப்போட வந்த 2666 குச்சி, ஒரு குறையும் இல்லாதது, பேப்பர்ல சுத்தி மேஜை டிராயர்ல கிடக்கு.