தோற்றுப்போன படத்தைத் தூக்கி வளர்த்தவர்கள்

போன வாரம் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய போட்டோ போட்டேன். சான் பிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ தியேட்டர் வாசலில், ஒரு முழம் உயரத்துக்கு விக் வைத்த டிராக் கலைஞர் ஒருவரோடு, அதாவது பகட்டாகப் பெண் வேஷம் கட்டி மேடை ஏறுகிற ஒருவரோடு, நான் நிற்கிறேன். "டேய், ஆம்பளைங்க பொம்பளை வேஷம் கட்டி ஆடுறதைப் பாக்கவா போனே? அதுவும் அந்தக் குப்பைப் படத்துக்கு?" என்று ஒருவன் கேட்டான். அங்கேயே நாலு வரி பதில் எழுதினேன். போதவில்லை. அதனால் இங்கே.

படம் 'ஷோகேர்ள்ஸ்'. 'ரோபோகாப்' எடுத்த பால் வெர்ஹோவன் 1995இல் எடுத்தது. லிஃப்ட் கேட்டு லாஸ் வேகாஸ் வந்து சேரும் நோமி என்ற பெண், அங்கே மேடை நடனத்தில் முதலிடத்துக்கு வரத் துடிக்கிற கதை. சுமார் 4.5 கோடி டாலர் செலவு. அமெரிக்கத் தியேட்டர்களில் திரும்பி வந்தது 2 கோடி சொச்சம். மோசமான படங்களுக்குக் கொடுக்கும் ராஸி விருதுகளில் ஏழு இதற்குக் கிடைத்தன. வெர்ஹோவன் நேரிலேயே போய் வாங்கிக்கொண்டார். இரண்டே வருடத்தில் 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' என்ற பெரிய படமும் எடுத்துவிட்டார்.

நோமியாக நடித்த எலிசபெத் பெர்க்லிக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்போது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு டிவி தொடரிலிருந்து வந்தவர். நடிப்பு மிகையாக இருக்க வேண்டும் என்று கேட்டதே தான்தான் என்று இயக்குநரே பின்னால் ஒப்புக்கொண்டார். ஆனால் ஊர் சிரித்தது அந்தப் பெண்ணைப் பார்த்து. அவருடைய ஏஜென்சியும் கைவிட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, செத்துப்போன படத்தை எடுத்து வளர்த்தது யார்? டிராக் கலைஞர்கள். சான் பிரான்சிஸ்கோவில் பீச்சஸ் கிறைஸ்ட் என்ற பெயரில் மேடை ஏறும் கலைஞர், 1998இல் பிரிட்ஜ் என்ற சின்ன தியேட்டரில் நள்ளிரவுக் காட்சிகளைத் தொடங்கினார். 'ஷோகேர்ள்ஸ்' அங்கே திருவிழாவானது. முதலில் மேடையில் ஆட்டம், அப்புறம் படம். பெரிய பாப்கார்ன் வாங்கினால் ஒரு டிராக் கலைஞர் வந்து உங்கள் மடியில் ஆட்டம் போடுவார். இதற்கு முன்னோடியும் உண்டு. 1975இல் வந்தபோது கவனிப்பாரில்லாமல் போன 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ', அடுத்த வருடம் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாக மறுபிறவி எடுத்தது. ரசிகர்களே பாத்திரங்களின் வேஷம் போட்டுத் திரைக்கு முன்னால் நடித்தார்கள். இன்றுவரை அது பல ஊர்களில் ஓடுகிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பலர் டிராக் கலைஞர் என்றாலே திருநங்கை என்று நினைக்கிறார்கள். டிராக் என்பது மேடைக்கலை. திருநங்கைகளும் அதில் இருக்கிறார்கள். வேஷத்தைக் கலைத்துவிட்டு ஆணாகவே வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கூத்தில் திரௌபதி வேஷம் கட்டுகிற ஆண் கலைஞரை விடிய விடியப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது?

காஸ்ட்ரோ என்பது தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம் வாழும் பேட்டை. நான் போன அன்று அங்கிருக்கும் அந்தத் தியேட்டரில் கூட்டம் நெரிந்தது. 1922இல் கட்டிய அரங்கம், அப்போது சுமார் 1,400 இருக்கைகள். விளக்கு அணைந்ததும் மேடையில் படத்தின் காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். அதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தின் தொடக்கத்தில், வேகாஸில் நோமிக்குக் கிடைக்கும் முதல் தோழி, சாப்பிடும்போது "எந்த ஊர்?" என்று கேட்பாள். கிழக்குப் பக்கம் என்பாள் நோமி. கிழக்கே எங்கே என்று தோழி விடாமல் கேட்க, "பல இடம்!" என்று வெடிப்பாள், கெச்சப் பீறிடும், உருளைக்கிழங்கு வறுவல் பறக்கும். விமர்சகர்கள் விழுந்து விழுந்து சிரித்த நடிப்பு அது. மேடையில் நோமியாக நடித்த டிராக் கலைஞர் கெச்சப் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து, கோபம் முழுவதும் மணிக்கட்டில் இறங்க, ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை உலுக்கினார். அரங்கமே சேர்ந்து "பல இடம்!" என்று கத்தியது. எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது. வீட்டில் ஏற்றுக்கொள்ளாமல் எங்கெங்கிருந்தோ கிளம்பி அந்தப் பேட்டைக்கு வந்து சேர்ந்தவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! எந்த ஊர் என்ற கேள்வி எங்கே குத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். தனியாக வீட்டில் இரண்டு முறை அந்தப் படத்தைப் பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோவுக்கு முன்னால் வசனம் சொல்லிப் பழகியவன் நான். ஆனாலும் இது வேறு மாதிரி. வெர்சாச்சி என்ற இத்தாலிய ஆடை நிறுவனத்தின் பெயரை நோமி 'வெர்சேஸ்' என்று சொல்லும் இடத்தில் அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து தப்பாகச் சொல்கிறார்கள், அவள் தனியாக அவமானப்படக் கூடாது என்பதுபோல. அதே கூட்டம், பின்பாதியில் அந்தத் தோழி வன்கொடுமைக்கு ஆளாகும் காட்சியில் மூச்சுக் காட்டவில்லை. அந்தக் காட்சியைப் படம் கையாண்ட விதத்தை என்னால் மன்னிக்க முடியாது. எத்தனை கொண்டாடினாலும் அது தப்புதான்.

2023இல் டென்னசி மாநிலம் டிராக் நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டது. குழந்தைகளைக் காப்பாற்றவாம். குப்பைத் தொட்டியிலிருந்து ஒரு படத்தையும், அதோடு வீசப்பட்ட ஒரு நடிகையையும் எடுத்துத் துடைத்து வைத்தவர்கள் மீதா சட்டம்?

2015இல் படத்துக்கு இருபது வயதானபோது, ஹாலிவுட்டில் ஒரு கல்லறைத் தோட்டத்துப் புல்வெளியில் திரையிட்டார்கள். படம் தொடங்கும் முன் எலிசபெத் பெர்க்லி மேடை ஏறினார். புல்வெளியில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கானோர் அவருக்காக ஆரவாரம் செய்தார்கள். படம் வெளியானபோது அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய கைதட்டல், இருபது வருடம் கழித்து அங்கே கிடைத்தது.

டேய் நண்பா, அடுத்த முறை எந்த ஊரில் போட்டாலும் டிக்கெட் நான் எடுக்கிறேன். பெரிய பாப்கார்னும் என் செலவு.